மல்லியின் காம்பும் இரண்டு பால் வண்டிகளும்

பினாங்கிலிருந்து திருப்பதிக்குப் போகிறேன் என்றதும் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் லட்டு கேட்டார்கள். சாமி கும்பிடப் போகவில்லை, ஒரு மாட்டின் காம்பை லேசரால் ஒட்டவைக்கப் போகிறேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. வாதாடி என்ன ஆகப்போகிறது? லட்டு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் தொழிற்சாலையில் சின்னச் சின்ன லேசர் கருவிகள் செய்துகொண்டிருந்தோம். அறுவை சிகிச்சைக்காரர்களுக்கென்று மாதிரியாகச் செய்த பெட்டி ஒன்று, வாங்குவதாகச் சொன்னவர்கள் கைவிட்டுவிட்டதால், அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. சித்தூரில் கால்நடை மருத்துவம் பார்க்கும் டாக்டர் சாமுவேல் எங்கள் மேலாளரை எங்கோ ஒரு கருத்தரங்கில் பிடித்து, அந்தப் பெட்டியை ஒரு மாதத்துக்கு இரவல் கேட்டிருந்தார். அதன் உள்ளே எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஆகவே பெட்டியோடு என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தமிழ் பேசுவேன், தெலுங்கு ஒரு சொல் தெரியாது, மாட்டைத் தொட்டதே இல்லை.

சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். "இது என்னம்மா?" என்றார் அதிகாரி. மாட்டு வைத்தியத்துக்கான லேசர் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் பார்த்தார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டு மாட்டுக்குக் கால்ல ஆறாத புண்ணு. இது கேக்குமா?" என்று அக்கறையாகக் கேட்டார். கேட்காது என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருந்தது. பெட்டியை அவரே மூடிக் கையில் கொடுத்தார்.

திருப்பதியில் இடம் கிடைக்காததால் திருச்சானூரில் ஒரு விடுதியில் அறை எடுத்திருந்தார் டாக்டர். அங்கே போக ஷேர் ஆட்டோ. எங்கள் ஊர் வேனில் பதினோரு பேர் ஏறினால் போலீஸ் பிடிக்கும். இங்கே ஆட்டோவில் ஒன்பது பேர் ஏறியும் இன்னும் இரண்டு பேருக்காகக் காத்திருந்தோம். என் பெட்டிக்கு இடமில்லை. புதிதாக மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்த ஒருவர், ஒன்றும் கேட்காமல் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாதி வழியில் தெலுங்கில் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்த பெண் தமிழில் சொன்னாள்: "உள்ள எந்த சாமின்னு கேக்குறாரு." சாமி இல்லை, மெஷின் என்றேன். அது அவருக்கு மொழிபெயர்க்கப்பட்டது. தலையாட்டினார். ஆனாலும் டயர் பஞ்சராகி எல்லோரும் இறங்கியபோது பெட்டியைத் தரையில் வைக்காமல் தலைமேல் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். நான் எவ்வளவு கெஞ்சியும் இறக்கவில்லை.

விடுதிக்குக் கீழே இருந்த கடையில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னியும், பொடியும், அதன்மேல் நெய்யும் வைத்தார்கள். நாங்கள் பினாங்கில் இட்லியைச் சாம்பாரில் குளிப்பாட்டிச் சாப்பிடுகிறவர்கள். இவர்கள் பொடியிலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். சிவப்பாக ஒன்று இலையோரத்தில் இருந்தது. எங்கள் சம்பல் சாப்பிட்ட நாக்குக்கு இதெல்லாம் ஒரு காரமா என்று வழித்துச் சாப்பிட்டேன். பிறகு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். பரிமாறியவர் நான்காவதைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலையில் டாக்டர் சாமுவேல் வந்து சித்தூருக்கு அழைத்துப் போனார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, பேசும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். சித்தூரின் பழைய மிஷன் சபைக் குடும்பம். வீட்டில் தமிழ், வேலையில் தெலுங்கு, எண்களுக்கு மட்டும் ஆங்கிலம். அவருடைய வைத்தியசாலை ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் கீழே இருந்தது. மேலே பிள்ளைகள் அமெரிக்கா போவதற்காகத் தட்டிக்கொண்டிருந்தார்கள், கீழே ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

விஷயத்தை அவர் அங்கேதான் விளக்கினார். புத்தலப்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மல்லி என்று ஒரு ஜெர்சி மாடு. முள்கம்பி வேலியில் மாட்டிக் காம்பின் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டது. வெளிக்காயம் ஆறியது, ஓட்டை மட்டும் நின்றுவிட்டது. பால் நுனியில் வராமல் பக்கவாட்டில் ஒழுகுகிறது. ஒழுகும் ஓட்டை வழியாகக் கிருமி உள்ளே போகும், மடி கெடும். "ரெண்டு தடவை தைச்சேன். காம்புங்கறது தண்ணிக் குழாய் மாதிரி. ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு கசிவு. பால் அது வழியா வந்து, தையலையே ஊறவெச்சி, மறுபடி பிரிச்சிடுது," என்றார். ஊசியே படாமல் உள்தோலை ஒட்டவைக்க முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. வெளித்தோலுக்கு நாலு தையல் அவரே போட்டுக்கொள்வார்.

முதலில் ஒத்திகை. கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுக்குடல் வாங்கி வந்திருந்தார். இரண்டு துண்டின் ஓரங்களைச் சேர்த்து வைத்து, பச்சைச் சாயம் கலந்த மருந்தை ஒரு துளி விட்டு, ஒளியைக் காட்டினேன். துளி வெளுத்தது, கெட்டியானது. தூக்கினால் துண்டுகள் தனித்தனியாக விழுந்தன. இன்னொரு முறை செய்தேன், மறுபடியும் விழுந்தன. மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது என்று அந்த மாநிலத்தின் மின்சாரம் முழுவதையும் திட்டினேன். டாக்டர் மாடிக்கு ஓடி, கணினிக்காரர்களிடம் யு.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அதிலும் ஒட்டவில்லை. மூன்று மணி நேரம் போனது. என் கருவியை நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

டாக்டர் குடலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ஏன் இவ்ளோ மஞ்சளா இருக்கு?" என்றார்.

கறிக்கடைக்கு நடந்தோம். கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "டாக்டர் கேட்டாரேன்னு ரெண்டு தபா கொதிக்கிற தண்ணி ஊத்தி, மஞ்சா போட்டுக் கழுவிக் குடுத்தேன் சார். வேற யாருக்குனா இந்த மாதிரி கிளீன் பண்ணித் தருவனா?"

அங்கேயே நின்று சிரித்தேன். தோலோ குடலோ எதுவானாலும் அதைக் கட்டி நிறுத்துவது கொலாஜன் என்கிற நார். ஒவ்வொரு நாரும் மூன்று இழை முறுக்கிய கயிறு. ஏறக்குறைய அறுபது டிகிரிக்கு மேல் சூடு போனால் முறுக்கு அவிழும். இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது அவிழ்ந்தால், இந்தப் பக்கத்து இழை அந்தப் பக்கத்து இழைக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும். ஆறும்போது அப்படியே இறுகிவிடும். அதுதான் ஒட்டு. நடுவில் விடும் பச்சைத் துளி ஒரு புரதம், முட்டை வெள்ளைக்கரு வேகிறாற்போல வெந்து இடைவெளியை அடைக்கும். பச்சைச் சாயம் ஒளியைக் குடித்து, சூட்டைச் சுற்றுப்புறத்துக்குப் பரவவிடாமல் அந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளும். கடைக்காரர் அன்போடு ஊற்றிய வெந்நீரில் எல்லா இழைகளும் முன்பே அவிழ்ந்து சுருங்கிப் போயிருந்தன. அவிழ்ந்து முடிந்ததை நான் மறுபடி எதை வைத்து அவிழ்ப்பது?

கழுவாத குடல் வேண்டும் என்று கேட்டதும் அவர் முகம் தொங்கிவிட்டது. பாவமாக இருந்தது. கொடுத்தார். நாறியது, ஆனால் ஒட்டியது. ஒட்டிய குழாயில் டாக்டர் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் மாடியில் தட்டுவது நின்றது.

அதில் ஒரு துண்டைச் சீவி, சாயமேற்றி, திருப்பதியில் டாக்டரின் நண்பர் ஒருவருடைய பரிசோதனைக் கூடத்தில் மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தோம். இழைகளைப் பார்க்க முடியாது, அவை அத்தனை மெல்லியவை. நார்க்கற்றைகள் தெரிந்தன. தூரத்தில் அவை சீவி வாரிய தலைமுடிபோல வரிவரியாக இருந்தன. ஒட்டை நெருங்க நெருங்க வரிகள் மங்கி, குழைந்து, இரண்டு பக்கமும் ஒரே இளஞ்சிவப்பாகிவிட்டன. எல்லை எங்கே என்று தேடினேன். அகப்படவில்லை. ஒரு மூலையில் மட்டும் கொப்புளம் கொப்புளமாக ஓட்டைகள் இருந்தன. ஒரு நொடி கூடுதலாக நான் ஒளியை நிறுத்திய இடம் அது. அங்கே ஒட்டவில்லை, பொசுங்கியிருந்தது. கண்ணை எடுக்க மனமில்லாமல் பின்னால் நின்றவர்களைக் காக்கவைத்தேன்.

அன்று மதியமே மல்லியைப் பார்க்கப் போனோம். சித்தூர்ச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதை, இரண்டு பக்கமும் கரும்பு. மாட்டுக்காரி சரோஜாவுக்கு என் வயதுதான். அவள் மாமனார் காலம்வரை சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. இப்போது அரை ஏக்கர் இருக்கிறது, மீதி நாளுக்குக் கூலி வேலை. புருஷன் முனிரத்தினம் அதிகம் பேசாதவர். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயிருந்தன.

"வாங்க மேடம். மொதல்ல துன்னுட்டு அப்புறம் மாட்டப் பாருங்க," என்றாள். களியும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். நான் களியை மென்றேன். முனிரத்தினம் முதல்முறையாக வாய் திறந்தார்: "மெல்லக் கூடாது, முழுங்கணும்."

சாப்பிடும்போதுதான் மற்றது தெரிந்தது. சரோஜாவின் பாஸ்போர்ட் தயாராக ஏஜெண்டிடம் இருந்தது. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல், துணி, பிள்ளை பார்க்கிற வேலை, இரண்டு வருடம். அந்தத் தெருவிலேயே நாலு பெண்கள் அப்படிப் போயிருந்தார்கள். மல்லியின் பால்தான் இந்த வீட்டை ஓட்டியது. "அடுத்த வெள்ளிக்கெழம ஏஜெண்டு வராரு. மாடு நிமிந்தா நான் இங்க இருப்பேன். இல்லாட்டி நான் குவைத்து, மாடு சந்தை. அவ்ளோதான் மேடம்," என்றாள், குழம்பு ஊற்றிக்கொண்டே. ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்க வந்தவள் நான். இப்படி ஒரு சுமையை யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

டாக்டர் ஊசி போட்டு மாட்டை மயக்கப் போனபோது முனிரத்தினத்துக்கு ஒட்டைப் பற்றிச் சொன்னேன். அறுந்த தலைக்கயிறு ஒன்று அவர் கையில் இருந்தது. மூன்று இழை, அவிழ்வது, பின்னுவது என்றதும் நிமிர்ந்தார். "நம்ம கயித்துக்கு ஒட்டுப் போடற மாதிரி," என்று சொல்லி, இரண்டு முனைகளின் பிரியையும் அவிழ்த்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து முறுக்கிக் காட்டினார். முடிச்சே இல்லை. "முடிச்சி போட்டா மாடு இழுக்கசொல்ல அங்கதான் அறும்," என்றார். மூன்று வருடம் மேலாளரிடம் நான் விளக்கி விளக்கியும் அவருக்குப் புரியாத விஷயம் அது.

சரோஜா மருந்துக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பச்சத் தண்ணி இன்னா மேடம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த புரதம் என்றேன். ஊரைக் கூட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்போ மல்லிக்கு சொந்தக்காரந்தான்," என்றாள். "ஒட்டிக்கும்."

மல்லியைக் கயிறு போட்டுப் படுக்கவைத்தார்கள். காம்பு மரத்துப்போக இன்னொரு ஊசி. டாக்டர் ஓட்டையின் ஓரங்களைச் செதுக்கிப் புதுச்சதை தெரியும்படி செய்து, இடுக்கியால் சேர்த்துப் பிடித்தார். எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தேன். சரோஜா, "வெளிச்சமே காணமே?" என்றாள். வேலை செய்கிற ஒளி கண்ணுக்குத் தெரியாது, வழிகாட்டும் சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். பச்சை வெளுக்க வெளுக்கப் புள்ளியை நகர்த்தினேன். ஒரு காப்பி ஆறும் நேரத்தில் ஒட்டு முடிந்தது. டாக்டர் வெளித்தோலைத் தைத்து, காம்பின் துவாரத்தில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி மூடி போட்டார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பாலை வடியவிட வேண்டும், அழுத்தம் ஏறக் கூடாது, அவ்வளவுதான். மல்லி எழுந்து நின்றாள். நான் கையைக் கட்டிக்கொண்டு என் வேலையை ரசித்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் ஒரு வண்டி நீளமாக ஹாரன் அடித்தது.

தெருவிலிருந்த அத்தனை மாடும் காதைத் தூக்கின. மல்லியின் மற்ற மூன்று காம்புகளிலிருந்தும் பால் தானாகச் சொட்ட ஆரம்பித்தது. எனக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. குழாய் மூடியைத் திறக்கப் பாய்ந்தார். அதற்குள் ஒட்டின் நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கி அவர் மணிக்கட்டில் வழிந்தது.

பால் வண்டி. முன்பு அந்த ஊருக்கு ஒரே வண்டிதான் வருமாம். இப்போது தனியார் கம்பெனிகள் வந்து நீல வண்டி ஒன்று, பச்சை வண்டி ஒன்று. இரண்டுக்கும் போட்டி, இரண்டும் நினைத்த நேரத்துக்கு வரும், வந்தால் ஹாரன் அடித்துக்கொண்டேதான் நுழையும். கன்று முட்டினால் மாடு பால் விடும் என்று நான் படித்திருந்தேன். இந்தத் தெரு மாடுகளுக்குக் கன்று வேண்டாம், ஹாரன் போதும். "ஆரன் கேட்டாத்தான் எறக்கும் மேடம். நீங்க கேக்கவே இல்லியே," என்றாள் சரோஜா. டாக்டர் வருவதெல்லாம் காலை பதினொரு மணிக்கு. அவர் எந்த வண்டியையும் பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தால் கால்தான் முதலில் வேலை செய்யும். பச்சை வண்டி இன்னும் வரவில்லை என்றார்கள். ஓடிப்போய்த் தெருமுனையில் நடுப்பாதையில் நின்று கையை விரித்தேன். வண்டி நின்றது. டிரைவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். பின்னால் வந்த முனிரத்தினம் மொழிபெயர்த்தார்: "மொதல்ல அந்தக் கண்ணாடியக் கழட்டச் சொல்லு, பயமா இருக்குதுன்றாரு." பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தேன். ஒரு வாரத்துக்கு ஹாரன் அடிக்காதீர்கள் என்று கேட்டேன். அவர் நிதானமாகவே பதில் சொன்னார். "ஆரன் அடிக்காட்டி தெருவுல ஒரு மாடும் பாலு வுடாது. இருவது வூட்டு மாட்டையும் இந்தம்மா வந்து கறப்பாங்களான்றாரு."

அவர் சொன்னது நியாயம். வழிவிட்டேன்.

திரும்பி வந்தபோது சரோஜா தொழுவத்தில் குந்தியிருந்தாள். "வுடுங்க மேடம். நான் போய்க்கினு வரேன். ரெண்டு வருசம்தானே," என்றாள். என்னைத் தேற்றுகிறாள்! அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தபடி, இன்னும் ஒரே ஒரு தடவை முயலலாம் என்றார். வெந்துபோன ஓரத்தை மயிரிழை அளவு செதுக்கி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு செதுக்கினால் ஒட்டுவதற்கு ஓரமே மிச்சமிருக்காது. மாட்டை ஹாரன் கேட்காத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முனிரத்தினம் இடம் சொன்னார். கரும்புக் காட்டுக்கு நடுவில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை, பருவம் முடிந்து சும்மா கிடந்தது.

மறுநாள் விடியலில் மடியை முழுக்கக் கறந்துவிட்டு மல்லியை மெல்ல நடத்திக்கொண்டு போனோம். நான் யு.பி.எஸ்.ஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். கொட்டகையில் மல்லியைப் படுக்கவைத்ததும் என் கண் அவள் முகத்துக்கே போனது, அதை டாக்டர் பார்த்தார். "பச்சையைப் பாரும்மா, மாட்டைப் பார்க்காதே," என்றார். பச்சையை மட்டும் பார்த்தேன். வெளுத்த கணம் கையை நகர்த்தினேன். சூடு குறைந்தால் இழை அவிழாது, கூடினால் பொசுங்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் மிகக் குறுகியது. முடிந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மாலையில் அடுத்த சிக்கல். சரோஜா முதலில் குழாயைத் திறந்துவிட்டு, மற்ற மூன்று காம்பையும் கறக்க உட்கார்ந்தாள். மல்லி ஒரு சொட்டுத் தரவில்லை. வெந்நீரில் மடியைக் கழுவினாள், தடவினாள், கொஞ்சினாள், கெட்ட வார்த்தையிலும் திட்டினாள். பால் கட்டிக்கொண்டால் மடி கெட்டுவிடும். டாக்டர் கையைப் பிசைந்தார். சரோஜா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு வாயைக் குவித்து, "பாஆஆம்... பாம் பாம்!" என்று அடித்தாள். நீல வண்டியேதான். மல்லி காதைத் தூக்கினாள். குவளையில் பால் விழும் சத்தம் கேட்டது. குழாய் வழியாகவும் தங்குதடையில்லாமல் வந்தது. ஒட்டு காய்ந்தே இருந்தது. சரோஜா சிரித்த சிரிப்பில் கறக்கவே முடியவில்லை, அவளுக்குப் பதில் அடுத்த ஹாரனை முனிரத்தினம் அடித்தார்.

ஊருக்குத் தொலைநகல் அனுப்பிப் பயணத்தைத் தள்ளிவைத்தேன். ஒரு வாரம் மல்லி கொட்டகையிலேயே கிடந்தாள். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் திருச்சானூரிலிருந்து பஸ் ஏறிப் போய்வந்தேன். நடுவில் மலைக்கும் போய் லட்டு வாங்கிவிட்டேன். ஒருநாள் பஸ்ஸில் முன்னால் இரண்டு பெண்கள் தெலுங்கும் தமிழுமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி குவைத்திலிருந்து வந்திருந்தாள், மற்றவள் போகப்போகிறவள். எனக்குப் பிடிபட்டவரை, வந்தவள் சொன்னது இது: "மொதோ ஆறு மாசம் ராத்திரில அழுவ. அப்புறம் போன்ல புள்ளைங்களுக்கு உன்கிட்டப் பேச ஒண்ணும் இருக்காது, அப்போதான் நெஜமா அழுவ."

என் அத்தை வீட்டில் ஐந்து வருடமாக ஓர் இந்தோனேசியப் பெண் வேலை செய்தாள். அவள் வைத்த குழம்பை எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அவளுக்குப் பிள்ளைகள் உண்டா, அவர்கள் பெயர் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வெளித்தையலைப் பிரித்து, குழாயை உருவினார். சரோஜா உட்கார்ந்தாள். முதலில் மூன்று காம்பையும் கறந்தாள். நான்காவதைத் தொடாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு விரலை மடக்கி இழுத்தாள். பால் நுனியிலிருந்து நேராகக் குவளைக்குள் அடித்தது. டாக்டர் வடுவின்மேல் மெல்லிய காகிதத்தை ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஈரமில்லை. இன்னும் அழுத்திக் கறக்கச் சொன்னார். அப்போதும் ஈரமில்லை. அவர் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கரும்புப் பக்கமாகத் திரும்பி வெகுநேரம் கண்ணாடி துடைத்தார். நான் வெளிப்படையாகவே அழுதேன்.

அந்த நேரத்தில் ஏஜெண்ட் மொபெட்டில் வந்து இறங்கினார். பார்க்க நல்ல மனிதர்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏமம்மா, மெடிக்கலுக்கு சோமவாரம் சென்னைக்குப் போலாமா?" என்றார்.

"நான் வர்ல அண்ணா. மாடு நிமிந்துடிச்சி," என்றாள் சரோஜா.

அவர் மாட்டைப் பார்த்தார், காம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த ஒட்டு எத்தினி நாள் நிக்கும் மேடம்? கேரண்டி உண்டா? நாளைக்கிப் பிரிஞ்சா, குவைத்துல அந்த வூட்டு வேலை அப்போ காலியா இருக்காது."

சரோஜாவும் என்னைத்தான் பார்த்தாள். அவள் ஒரு வாரமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. தொழிற்சாலையில் உத்தரவாதச் சீட்டு எழுதுகிறவளும் நான்தான், எதற்கெல்லாம் பொறுப்பேற்க மாட்டோம் என்று பத்து வரி எழுதுவேன்.

"நான் போட்ட ஒட்டு இப்போது அநேகமாக அங்கே இல்லை," என்றேன். "அது நாலைந்து நாள் பிடித்துக்கொண்டிருப்பதற்குத்தான். அதற்குள் மாடு தன் சொந்த நாரைப் பின்னிக்கொள்ளும், நான் வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். முழுப் பலம் வர இன்னும் சில வாரம் ஆகும், அதுவரை பார்த்துக் கறக்க வேண்டும். ஆனால் இனிமேல் அது ஒட்டு இல்லை, மல்லியோட தோல்."

"கேட்டியா அண்ணா," என்றாள் சரோஜா. "பாஸ்போர்ட்டக் குடு."

அவர் ரெக்ஸின் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை எடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, அவளுடையதை உருவிக் கொடுத்தார். மற்றவற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டு மொபெட்டை மிதித்தார்.

சரோஜா தன் பாஸ்போர்ட்டை அதுவரை பிரித்துப் பார்த்ததில்லையாம். கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் திறந்தாள். "ஐய, யாரு இவ? மூஞ்சி ஏன் இப்பிடி வீங்கிக் கீது?"

முனிரத்தினம் எட்டிப் பார்த்தார். "நீதான். அன்னிக்கி விடிகாலைலேருந்து அழுதுக்கினே இருந்த. அப்பிடியே பஸ் ஏறிப் போய் எடுத்துக்கினு வந்த."

அவள் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடிப் புருஷன் சட்டைப்பையில் செருகினாள்.

"உள்ள வையி. என்னிக்கினா இந்த அக்கா ஊரப் பாக்கப் போவசொல்ல, சிரிச்சிக்கினு வேற படம் ஒண்ணு எடுத்துக்கறேன்," என்றாள். அதுவரை நான் அவளுக்கு மேடம்.